கப்பலைக் கடைசியில் தேடுங்கள்: இலங்கைப் பறங்கியர் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்க ஒரு வழிகாட்டி

என் அம்மம்மாவின் தாயார் பறங்கி. யாழ்ப்பாணம் பறங்கித் தெருவில் பிறந்தவர், நத்தாருக்குப் புரூடர் கேக் சுடுவார், கோபம் வந்தால் ஆங்கிலத்தில் ஏசுவார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். "எங்கட ஆக்கள் ஹொலண்டில இருந்து வந்த கப்டன்ட பரம்பரை" என்று அம்மம்மா சொல்வார். தேடிப் பார்த்ததில் கப்டன் யாரும் அகப்படவில்லை. சாதாரணச் சிப்பாய் ஒருவர் அகப்பட்டார். அவரும் ஹொலண்டுக்காரர் இல்லை.

அந்தச் சிப்பாயிடம் போய்ச் சேர எனக்கு நான்கு வருடம் எடுத்தது. அதில் ஒன்றரை வருடம் முழு வீண். நெதர்லாந்தின் கப்பல் பதிவுத் தளத்தில் குடும்பப் பெயரைத் தட்டினேன். அதே பெயரில் இலங்கைக்கு வந்த ஒருவர் திரையில் வந்தார். அவரையே மூதாதை ஆக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே இறங்கப் பார்த்தேன். பதிவின் கடைசி வரியை ஒழுங்காக வாசித்தது பிறகுதான்: அந்த மனிதர் கரையிறங்கிய மூன்றாம் மாதமே இறந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது.

ஆகவே முதல் விதி: உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். இன்னாருக்கு இன்னார் பெற்றோர் என்று காட்டும் ஒரு காகிதம் கையில் இல்லாமல் அடுத்த படி ஏறாதீர்கள். கப்பல் கடைசியில் தானாக வரும்.

யார் பறங்கியர்?

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. 1796இல் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் இழந்தது. இடைப்பட்ட சுமார் 150 வருடத்தில் கம்பனிச் சேவைக்கு வந்து, இங்கே மணம் முடித்து, இங்கேயே தங்கியவர்களின் வழிவந்தவர்களைத்தான் ஒல்லாந்தப் பறங்கியர் என்கிறோம். பறங்கியருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பேர்கர்' என்ற சொல் அப்போது இனப்பெயர் இல்லை. கம்பனியில் சம்பளம் வாங்காமல் சொந்தத் தொழில் செய்த சுதந்திரக் குடிமகனுக்கு அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில்தான் கம்பனி உத்தியோகத்தர் பிள்ளைகளும் குடிமகன் பிள்ளைகளும் ஒரே கூடைக்குள் விழுந்தார்கள். 2012 குடிசன மதிப்பில் பறங்கியர் சுமார் 38 ஆயிரம் பேர்.

மட்டக்களப்புப் பறங்கியர் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோர் போர்த்துக்கேய வழியினர், கத்தோலிக்கர், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வந்தவர்கள். உங்கள் குடும்பம் அந்தப் பக்கம் என்றால் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள்தான் முதன்மை ஆதாரம். கீழே சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. இரண்டு பக்கத்துக்கும் கலப்பு நிறைய நடந்திருப்பதால் மற்றப் பாதியையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

வீட்டு லாச்சி

லாச்சி, அதாவது மேசை இழுப்பறை, என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப் போனது. கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு எல்லாமும் அப்படித்தான். அந்த லாச்சியில் இருக்கும் பழைய பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், இரங்கல் அட்டைகள், படங்கள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் ஒரு பெயர், சில வேளை உறுதியை விடப் பெறுமதி.

குடும்ப வேதாகமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பறங்கியர் வீடுகளில் வேதாகமத்தின் முன் ஏடுகளில் பிறப்பும் இறப்பும் எழுதுவது வழக்கம். எழுத்து எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் பின்னாளில் யாரோ ஞாபகத்திலிருந்து எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமம் அச்சான ஆண்டையும் பாருங்கள். அச்சான ஆண்டுக்கு முந்திய பிறப்புகள் அதில் இருந்தால் அவை பிரதி எடுத்தவைதான்.

முதியவர்களிடம் பேசும்போது "நம் மூதாதை யார்?" என்று கேட்டால் கப்டன் கதைதான் வரும். "உங்கட அப்பாவை அடக்கம் செய்த இடம் எது? அவருக்கு ஞானத்தாய் யார்? எந்தக் கோயிலில் கலியாணம்? றெயில்வேயில் வேலையா, சேர்வேயிலா?" என்று கேளுங்கள். றெயில்வே, நில அளவை, தபால், வைத்தியம், சட்டம், எழுதுவினைஞர் வேலை என்று ஆங்கிலேயர் காலத்துப் பறங்கியர் அரச உத்தியோகத்தில் நிறைந்திருந்தார்கள். நியமனங்களும் இடமாற்றங்களும் வர்த்தமானியிலும், ஃபெர்குசன் டைரக்டரி போன்ற ஆண்டுப் பட்டியல்களிலும் அச்சாகியிருக்கும். தேதி தெரியாத ஒரு மனிதர் எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார் என்று பிடிக்க இவை போதும். ஊர் தெரிந்தால் கோயில் தெரியும்.

சான்றிதழ்கள்

பிறப்பு, இறப்புகளைப் பொதுவாகப் பதிவு செய்யும் முறை இலங்கையில் 1860களின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. அதற்குப் பிந்தியவற்றுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களமும் பிரதேச செயலகங்களும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஒரு கால இடைவெளி கொடுத்துத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

எழுத்துக்கூட்டலில்தான் வில்லங்கம். ஒரு கந்தோரில் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நான் ஐந்து விதமான எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், நான்காவதில் இருந்தது. குடும்பப் பெயரில் 'வான்', 'டி', 'வான் டெர்' போன்ற முன்னொட்டு இருந்தால், முன்னொட்டின் கீழும் அடுத்த சொல்லின் கீழும் இரண்டு இடத்திலும் தேடச் சொல்லுங்கள்.

சான்றிதழில் 'இனம்' என்ற கட்டத்தைக் கவனமாகக் குறித்து வையுங்கள். ஒரே குடும்பத்தில் மூத்தவருக்கு 'பறங்கியர்', இளையவருக்கு 'ஒல்லாந்தப் பறங்கியர்', ஒன்றுவிட்ட சகோதரருக்கு 'யூரேசியர்' என்று இருக்கும். பதிவு செய்யப் போனவர் அன்று என்ன சொன்னாரோ அதுதான். அதைக்கொண்டு யாரும் யாருடைய இரத்தத்தையும் அளக்க முடியாது.

கோயில் பதிவேடுகள்

சான்றிதழ் முடிகிற இடத்தில் கோயில் தொடங்கும். கம்பனி காலத்தில் அதிகாரபூர்வ சபை ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபை. கொழும்பில் 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட வுல்வெண்டால் கோயில், காலிக் கோட்டைக்குள் 1755இல் கட்டிய பெரிய கோயில், யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த 1706ஆம் ஆண்டுச் சிலுவைக் கோயில் ஆகிய மூன்றும் முக்கியமானவை. யாழ்ப்பாணக் கோயில் போரில் தரைமட்டமாகிவிட்டது. சின்ன வயதில் அந்த வழியாகப் போனவர்கள் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களைப் பற்றி இன்னும் சொல்வார்கள்.

கொழும்புச் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் 1677 தொடங்கிப் படமெடுக்கப்பட்டு ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் ஏறியிருக்கின்றன. கணக்குத் தொடங்கக் காசு இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் பெயர் அகராதி இருக்காது. தேடுபெட்டியில் வரவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். நேரில் கோயிலுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள்.

1796க்குப் பிறகு பல குடும்பங்கள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளுக்கு மாறின. பிற்காலத்தில் கத்தோலிக்கரை மணந்து அந்தப் பக்கம் போனவர்களும் உண்டு. ஒரு தலைமுறை சீர்திருத்தச் சபைப் பதிவில் காணாமல் போனால், கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று நினைக்கும் முன் பக்கத்துத் தெருக் கோயிலைப் பாருங்கள்.

கல்லறைகளும் அப்படித்தான். பொரளை கனத்தை மயானம் 1866இல் தொடங்கியது. அதற்குப் பிந்திய கொழும்புப் பறங்கியரில் பலர் அங்கே இருக்கிறார்கள். முந்தியவர்களுக்குக் கோயில் தரைகள். ஒல்லாந்தக் காலக் கல்வெட்டுகளை லுடோவிசி என்பவர் 1877இலேயே தொகுத்து அச்சிட்டிருக்கிறார். இன்று தேய்ந்து போன கல்லில் என்ன எழுதியிருந்தது என்று அதில் பார்க்கலாம்.

அச்சிட்ட வம்சாவளிகள்

இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908இல் தொடங்கியது. நாட்டின் சுவடிக் காப்பாளராக இருந்த ஆர்.ஜி. அந்தோனிஸ் அதன் பின்னால் இருந்த முக்கிய மனிதர். சங்கத்தின் இதழும் அதே ஆண்டு தொடங்கி, பல பத்தாண்டுகளாக நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வம்சாவளியை வெளியிட்டது. அதில் பெரும்பகுதியைத் தொகுத்தவர் டி.வி. அல்டன்டோர்ஃப். பழைய இதழ்கள் படமாக இணையத்திலும் கிடைக்கின்றன. கொழும்பு ரீட் அவனியூவில் சங்கக் கட்டடமும் இருக்கிறது. போனால் மேலே ஆராய்ச்சி, கீழே லாம்பிரைஸ் என்ற பறங்கியர் வாழையிலைச் சோறு.

வாசிக்கும் முறை: ஒவ்வொரு தலைமுறைக்கும் ரோம எண். அதன் கீழ் பிள்ளைகளுக்கு 1, 2, 3. 'இவர் அடுத்த எண்ணின் கீழ் தொடர்கிறார்' என்ற குறிப்பு யாருக்கு இருக்கிறதோ அவர் வழி மட்டும் அடுத்தடுத்த தலைமுறைக்குத் தொடரும். உங்கள் ஆளிலிருந்து அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஏறினால், 'இன்ன ஊரிலிருந்து இன்ன கப்பலில் வந்தவர்' என்ற முதல் ஆளில் நிற்கும்.

இந்தப் பட்டியல்கள் ஒரு வரம். பல மூலப் பதிவேடுகள் பூச்சி அரித்துப் போன பிறகு, அவற்றிலிருந்து எடுத்த தகவல் இவற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவற்றை அப்படியே உங்கள் மரத்தில் ஒட்டாதீர்கள். சங்கத்தில் சேர ஆண்வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டியல்களும் அதே கண்ணாடி வழியாகப் பார்த்துத் தொகுத்தவை. ஆண்வழி பளிச்சென்று தெரியும். தாய்மார் வெறும் பெயராக, சில இடங்களில் அந்தப் பெயரும் இல்லாமல் நிற்பார்கள். மணமாகாமல் பிறந்த பிள்ளைகள், தமிழரையும் சிங்களவரையும் மணந்துகொண்ட மகள்மார் எல்லாம் ஒரு வரியோடு முடிந்துவிடுவார்கள். என் பூட்டியின் பெயர் அச்சிட்ட பட்டியலில் இல்லவே இல்லை. அவருடைய அண்ணன்மார் மூவரும் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு ஆயிரக்கணக்கான பறங்கியர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அந்த நாடு 1960களின் நடுப்பகுதி வரை கலப்பு வம்சத்தாரை உள்ளே விட, முக்கால் பங்கு ஐரோப்பிய இரத்தம் என்று காட்டச் சொன்னது. பல வீடுகளில் கறுத்த பாட்டிமாரின் படங்கள் சுவரிலிருந்து இறங்கியது அந்தக் காலத்தில்தான். மெல்பேர்னில் இருக்கும் சொந்தக்காரர் தரும் குடும்ப மரத்தை வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வேளை, குடிவரவுக்கு அவர்கள் கொடுத்த விண்ணப்பக் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. பெற்றோர், பாட்டன் பாட்டி விவரங்களும் படங்களும் ஒரே கோப்பில் கிடைப்பது அபூர்வம். தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

ஒல்லாந்த எழுத்தைப் படிப்பது

1796க்கு முன்னால் போகும்போது மொழி மாறும். பயப்படத் தேவையில்லை. பதிவேட்டு மொழி ஒரே அச்சில் வார்த்தது. இருபது சொல் தெரிந்தால் முக்கால்வாசி ஓடும். 'கெடோப்ட்' என்றால் ஞானஸ்நானம் பெற்றவர். 'கெட்ரவ்ட்' மணமானவர். 'ஓவர்லேடன்' இறந்தவர். 'பெக்ராவன்' அடக்கம் செய்யப்பட்டவர். 'வேடுவ' விதவை. 'கெட்டவ்கன்' சாட்சிகள். 'யோங்மன்', 'யோங்டொக்டர்' என்று மணமக்களின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் இருவருக்கும் அதுதான் முதல் கலியாணம்.

மாதங்களில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணோடு 'பெர்' சேர்த்து எழுதியிருந்தால் அது செப்டம்பர். லத்தீனில் 'செப்டம்' ஏழு அல்லவா, அதனால். 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். 8ஐக் கண்டதும் ஆகஸ்ட் என்று எழுதிக்கொண்டால், பெற்றோர் மணமாவதற்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வந்து, இல்லாத ஒரு ஊர்வம்பை உண்டாக்கிவிடுவீர்கள்.

பெயர்களைப் பற்றி மூன்று விஷயம். ஒன்று, ஜான்ஸ், பீட்டர்ஸ், ஆண்ட்ரீஸ் போன்ற பெயர்களின் கடைசியில் வரும் எஸ், இசட் என்ற இரண்டு எழுத்தும் 'மகன்' என்பதன் சுருக்கம். ஜானின் மகன் ஜான்ஸ். நம் தலைப்பெழுத்து மாதிரிதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறி, ஏதோ ஒரு கட்டத்தில் உறைந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும். இரண்டு ஜான்ஸ் குடும்பங்களுக்கு எந்தத் தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு, மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரும், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயரும், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயரும் வைப்பது ஒல்லாந்தர் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்த மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் பாட்டன் பாட்டி பெயரை ஊகிக்கலாம். ஊகம் என்று குறித்து வையுங்கள். ஒரு பிள்ளை இறந்தால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்பதால் ஒரே வீட்டில் இரண்டு யோஹன்னஸ் வந்தால் குழம்பாதீர்கள். மூன்று, ஒல்லாந்தப் பதிவுகளில் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில்தான் அது தொலைந்து போனது. தாய்வழி தேடுகிறவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டு 19ஐ விடச் சுலபம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

ஞானஸ்நானச் சாட்சிகளின் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமன், சித்தி, பாட்டி என்று உறவினராகவே இருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நிற்கும்போது யார் உங்கள் ஆள் என்று பிரித்துக் காட்டுவது சாட்சிகள்தான்.

கோயில் ஏடுகள் போக, கம்பனியின் இலங்கை நிர்வாகக் காகிதங்கள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. 1640 முதல் 1796 வரையான இந்தத் தொகுதிகளுக்கு யூரியான்ஸ என்ற அம்மையார் தயாரித்த அட்டவணை 1943இல் அச்சானது. இன்றும் அதை வைத்துத்தான் தேடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியவை அதில் மரணசாசனங்கள், அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பராமரித்த சபையின் ஏடுகள், உத்தியோகத்தர் பெயர்ப் பட்டியல்கள். கணவன் மனைவி சேர்ந்து ஒரே சாசனம் எழுதும் வழக்கம் இருந்ததால், அதில் முந்திய கலியாணத்துப் பிள்ளைகள் முதற்கொண்டு எல்லோரும் வந்துவிடுவார்கள். தோம்பு (ஒல்லாந்தர் காலப் பதிவேடு) என்றதும் எல்லோருக்கும் காணித் தோம்புதான் ஞாபகம் வரும். பள்ளித் தோம்பு என்று இன்னொன்று உண்டு: உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமும் விவாகமும் பதிந்த ஏடு. மனைவி உள்ளூர்ப் பெண் என்றால் அவருடைய வீட்டாரை அங்கே தேட வேண்டும். சுவடிக்கூடத்துக்குப் பென்சில் கொண்டு போங்கள், பேனாவை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள்.

தாய்மார்

கம்பனி ஐரோப்பியப் பெண்களை அதிகம் கொண்டுவரவில்லை. வந்த ஆண்கள் மணந்தது போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பத்துப் பெண்களை, சிங்கள, தமிழ்ப் பெண்களை, விடுதலை பெற்ற அடிமைப் பெண்களை. மணப்பெண் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே விவாகத் திகதிக்குச் சில நாள் அல்லது சில வாரம் முன்னால் வளர்ந்த பெண் ஒருவரின் ஞானஸ்நானம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் பாட்டிதான். ஆசியப் பெண்ணை மணந்தவர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குத் திரும்புவதற்கும் கம்பனி தடை போட்டது. பலர் இங்கே வேர்விட்டதற்கு அதுவே காரணம்.

'வான்' என்ற முன்னொட்டைக் கண்டதும் பிரபு குலம் என்று பூரிப்பவர்கள் உண்டு. அதற்கு '-இலிருந்து' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இல்லாமல் 'வான் நெகபட்னம்', 'வான் பெங்காலன்', 'வான் டெ குஸ்ட்' என்று இருந்தால் அநேகமாக அவர் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். 'குஸ்ட்' என்றால் கரை, சோழமண்டலக் கரை. 1659-61 காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகபட்டினத்தில் கம்பனி ஆயிரக்கணக்கான மக்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. 'மலபார்' என்று பதிவில் வந்தால் கேரளம் என்று எழுதிவிடாதீர்கள். இலங்கை ஒல்லாந்தர் தமிழரைத்தான் அப்படி அழைத்தார்கள்.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ஒண்டாச்சி குடும்பத்தின் முதல் ஆள், 1659 அளவில் தஞ்சைச் சீமையிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழ் வைத்தியர் என்பது அந்தக் குடும்பத்து வழக்கு. அவர் வழிவந்த வில்லெம் யூரியான் நெதர்லாந்தில் படித்துப் போதகராகி, ஆம்ஸ்டர்டாம் பெண்ணை மணந்தார். அவர்கள் மகன் குவின்ட் ஒண்டாச்சி, 1758இல் கொழும்பில் பிறந்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரேஞ்ச் இளவரசரின் ஆட்சிக்கு எதிரான தேசபக்தர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி இந்தக் குடும்பம்தான். பறங்கிப் பெயர், பறங்கி வாழ்க்கை, தந்தைவழி தமிழ். மரபணுப் பரிசோதனை செய்ய நினைப்பவர்கள் இதை யோசித்து, ஆண்வழிப் பரிசோதனையோடு தாய்வழிப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் தாய்வழிக்குச் செலவிடுங்கள். தந்தைவழிக்குக் காகிதம் இருக்கிறது.

இப்போது கப்பல்

உங்கள் குடும்பத்தில் முதன்முதல் வந்தவரின் பெயர், ஏறக்குறைய வந்த ஆண்டு, மனைவி பெயர் எல்லாம் இலங்கைப் பதிவிலேயே கிடைத்த பிறகு, ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய சுவடிக்கூடத்தின் தளத்துக்குப் போங்கள். கம்பனிக் கப்பல்களின் சம்பளப் பேரேடுகளிலிருந்து எடுத்த பல லட்சம் பேரின் தரவுத்தளம் அங்கே இருக்கிறது. பேரேடுகள் மிஞ்சியிருப்பது சுமார் 1699 முதல் 1794 வரைக்கும்தான். உங்கள் ஆள் 1660களில் வந்தவர் என்றால் அங்கே இருக்க மாட்டார். இலங்கைக் கோயில் ஏட்டில் மணமகனுக்குப் பக்கத்தில் எழுதிய ஊர்ப் பெயரோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஒரு பதிவில் பெயர், பிறந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், சேவை முடிந்த நாள், முடிந்த காரணம் இருக்கும். நான் செய்த தவறைச் செய்யாமல் அந்தக் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். 'மாதக் கடிதம்' என்று ஒரு கட்டம் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை ஐரோப்பாவில் உள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. 'ஆம்' என்று இருந்தால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து யாருக்கு என்று பாருங்கள். தாயின் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மனைவியின் பெயர் கிடைத்தால், கொழும்புக் கலியாணத்தின்போது அவர் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வி வரும்.

ஊர்ப் பெயர்களை ஒல்லாந்தர் தம் நாக்குக்கு ஏற்ப எழுதினார்கள். 'கோனிங்ஸ்பெர்கன்' இன்று ரஷ்யாவில் உள்ள கலினின்கிராட். 'லவுக்' பெல்ஜியத்தின் லியேஜ். 'ரைசல்' பிரான்சின் லீல். 18ஆம் நூற்றாண்டில் கம்பனிச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டார், அதிலும் ஜெர்மானியர் மிகுதி. வேலையில்லாமல் ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்து வந்து, மாதம் 9 கில்டர் சம்பளத்துக்கு ஐந்து வருடம் கையெழுத்திட்ட பையன்கள். இவர்களில் ஒருவர் உங்கள் மூதாதை என்றால், மேலே தேட வேண்டியது ஜெர்மன் லூத்தரன் கோயில் ஏடுகளில். நெதர்லாந்தில் எத்தனை வருடம் தோண்டினாலும் ஒன்றும் வராது.

புதிதாக வந்திருக்கும் ஒரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். ஆசியாவிலிருந்து ஒல்லாந்துக்குப் போன கம்பனிக் கடிதங்கள் ஏறத்தாழ 50 லட்சம் பக்கத்தை, கையெழுத்தைக் கணினியே வாசிக்கும்படி செய்து குளோபலைஸ் திட்டம் தேடக் கொடுத்திருக்கிறது. எழுத்துப் பிழைகள் நிறைய வரும். பெயரைப் பல விதமாகத் தட்டிப் பாருங்கள். வழக்கு, கடன், பதவி உயர்வுக்கான மனு என்று ஏதாவதொன்றில் உங்கள் ஆள் தலையைக் காட்டலாம்.

சோழமண்டலக் கரை

இலங்கைக்கு வருமுன் பழவேற்காட்டிலோ நாகபட்டினத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ இருந்த குடும்பங்கள் ஏராளம். பழவேற்காட்டில் 1613இலேயே கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகபட்டினத்துக்கு மாறி, 1781இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பழவேற்காட்டுக் கல்லறைகளில் மண்டையோடும் மணல் கடிகாரமும் செதுக்கிய கற்களை இன்றும் வாசிக்கலாம். சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த பட்டியலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்த ஆவணங்கள் தனிப் பிரிவாக இருக்கின்றன. பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது, கரைப் பக்கத்துக் காகிதங்கள் கொஞ்சம்.

என் சிப்பாய் கோனிங்ஸ்பெர்கன்காரர். அவருடைய கப்பல், சம்பளம், கரையிறங்கிய நாள் எல்லாம் என் கையில் இருக்கிறது. அவர் மணந்த பெண்ணுக்கு ஒரு வரிதான்: மரியா, வான் நெகபட்னம். அடுத்த தை மாதம் எழும்பூரில் ஒரு வாரம் உட்காருவதாக இருக்கிறேன்.